போர் விமானங்களின் தலைமுறைக் கணக்கு

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகர் விமானத் தளத்தில் ஒரு வழியனுப்பு விழா நடந்தது. 1963இல் இந்திய விமானப் படையில் சேர்ந்த மிக்-21 ரக விமானங்கள், 62 ஆண்டுப் பணிக்குப் பின் அன்று ஓய்வு பெற்றன. அந்தச் செய்தியைப் படித்தவர்கள் அதிலே ஒரு சொல்லைக் கவனித்திருப்பீர்கள். மிக்-21 ‘இரண்டாம் தலைமுறை’ விமானமாம். அதன் இடத்தைப் பிடிக்க வரும் தேஜஸ் ‘நான்கரைத் தலைமுறை’யாம். பெங்களூரில் திட்டமிடப்பட்டுவரும் அடுத்த விமானமோ ‘ஐந்தாம் தலைமுறை’.

மனிதர்களிலே தாத்தா, அப்பா, பேரன் என்று தலைமுறை எண்ணுகிறோம், சரி. விமானத்திற்கு ஏது தலைமுறை? அதிலும் அரைத் தலைமுறை என்றால் என்ன பொருள்?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். நீங்கள் வேதியியலில் தனிம வரிசை அட்டவணையைப் படிக்கிறீர்கள். அதிலே ஆக்சிஜனுக்கு எட்டாம் இடம். ஏனெனில் அதன் அணுக்கருவில் எட்டுப் புரோட்டான்கள் இருக்கின்றன. எந்த நாட்டில் எண்ணினாலும் எட்டுதான். அது இயற்கை செய்த வகைப்பாடு. விமானத் தலைமுறை அப்படிப்பட்டதன்று. அது வரலாற்றிலே சங்க காலம், பல்லவர் காலம், சோழர் காலம் என்று பிரிப்பதைப் போன்றது. பல்லவர் காலத்தில் இரவு உறங்கப் போன ஒருவர் மறுநாள் சோழர் காலத்தில் கண் விழித்ததாக யாரும் சொல்வதில்லை. கோடு நாம் கிழித்தது. ஆனாலும் அந்தக் கோட்டின் இரு பக்கங்களுக்கும் இடையே உண்மையான வேறுபாடு உண்டு.

கோட்டை எங்கே கிழிப்பது என்பதில் அறிஞர்களுக்குள் ஒற்றுமை இல்லை. அமெரிக்க விமான வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாலியன் 1990இல் எழுதிய கட்டுரையில் அதுவரை வந்த விமானங்களையே ஆறு தலைமுறைகளாகப் பிரித்துவிட்டார். அவர் கணக்கில் எஃப்-16 ஆறாம் தலைமுறை. இன்று எல்லோரும் அதை நான்காம் தலைமுறை என்கிறார்கள்! சீனர்கள் நெடுங்காலம் வேறொரு கணக்கு வைத்திருந்தார்கள்; மற்றவர்கள் ஐந்தாம் தலைமுறை என்று சொன்ன ஜே-20 விமானத்தை அவர்கள் நான்காம் தலைமுறை என்றே அழைத்தார்கள். ஆகவே எண்ணைவிட அந்த எண்ணுக்குப் பின்னே இருக்கும் காரணத்தைப் பிடித்துக் கொள்வதே நல்லது. இன்று பெருவழக்கில் உள்ள கணக்கை எடுத்துக் கொண்டு பார்ப்போம்.

சுழல் விசிறி கொண்ட பழைய விமானங்களுக்கு ஓர் எல்லை இருந்தது. விமானம் வேகமாகச் செல்லச் செல்ல, விசிறியின் நுனி ஒலியின் வேகத்தை நெருங்கிவிடும். அப்போது காற்று அதிர்ச்சி அலைகளாகக் குமைந்து, விசிறியின் திறன் சரிந்துவிடும். எவ்வளவு பெரிய எஞ்சினைப் பூட்டினாலும் பயனில்லை. ஆகவே வெளியே விசிறியே இல்லாத எஞ்சின் தேவைப்பட்டது. முன்புறம் காற்றை உறிஞ்சி, அமுக்கி, எரிபொருள் கலந்து எரித்து, சூடான வாயுவைப் பின்புறம் பீறிட்டு வெளியேற்றுவது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி விமானம் முன்னே பாய்வது. இதுதான் ஜெட் எஞ்சின். இங்கிலாந்தில் ஃபிராங்க் விட்டில், ஜெர்மனியில் ஹான்ஸ் ஃபான் ஓஹைன் ஆகிய இருவரும் ஒருவரையொருவர் அறியாமலே இதை உருவாக்கினார்கள். ஓஹைனின் எஞ்சின் பொருத்திய ஹைன்கல் விமானம் 1939 ஆகஸ்ட் 27இல் பறந்தது.

இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில், 1944இல், ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 262, இங்கிலாந்தின் மீட்டியார் ஆகிய ஜெட் போர் விமானங்கள் களத்துக்கு வந்தன. ஜெர்மன் விமானம் மணிக்கு 870 கி.மீ. வேகத்தில் பறந்து எதிரிகளைத் திகைக்க வைத்தது. ஆனால் வெப்பம் தாங்கும் உலோகங்களான நிக்கலும் குரோமியமும் போர்க்கால ஜெர்மனியில் கிடைக்கவில்லை. அதனால் அதன் எஞ்சின் 25 மணி நேரம் ஓடினாலே பெரிய காரியம். பிறகு கழற்றி மாற்ற வேண்டியதுதான்.

முதல் தலைமுறை என்பது இந்த விமானங்களும், அடுத்த பத்தாண்டில் வந்த இவற்றின் தம்பிகளும். ஆயுதமெல்லாம் பழைய துப்பாக்கியும் பீரங்கியும்தான். குறி பார்ப்பது விமானியின் கண்ணால். வேகம் ஒலியை நெருங்கும். நேர்மட்டத்தில் பறக்கும்போது தாண்டாது. ஆனால் ஒரு முக்கியமான மாற்றம் இந்தத் தலைமுறைக்குள்ளேயே நடந்தது. இறக்கை பின்னோக்கிச் சாய்ந்தது. ஜெர்மன் அறிஞர் அடால்ஃப் பூஸெமான் 1935இலேயே சொன்ன கருத்து இது. நீங்கள் படித்த கோசைன் இங்கே உதவும். இறக்கை 35 டிகிரி சாய்ந்திருந்தால், அதன் முன்விளிம்புக்குச் செங்குத்தாக வரும் காற்றின் வேகம், விமான வேகத்தின் கோசைன் 35 மடங்கு, அதாவது 0.82 பங்கு மட்டுமே. அதிர்ச்சி அலையைத் தோற்றுவிப்பது பெரும்பாலும் இந்தப் பங்குதான். ஆகவே இறக்கை ‘தன் வேகம் குறைவு’ என்று நினைத்துக் கொள்கிறது! 1950-53 கொரியப் போரில் மோதிக் கொண்ட சோவியத் மிக்-15, அமெரிக்க எஃப்-86 சேபர் இரண்டுக்குமே 35 டிகிரிச் சாய்வுதான். மிக்-15இன் எஞ்சினுக்கு மூலம், பிரிட்டன் சோவியத் நாட்டுக்கு விற்ற ரோல்ஸ் ராய்ஸ் நீன் எஞ்சின். அதை வாங்கி, பிரித்துப் பார்த்து, அதே போலச் செய்துகொண்டார்கள்.

அடுத்த தலைமுறைக்கு வேகம் ஒன்றே குறிக்கோள். எஞ்சினிலிருந்து வெளியேறும் சூடான வாயுவில் எரிபடாத ஆக்சிஜன் நிறைய மிச்சமிருக்கும். அதிலே மீண்டும் எரிபொருளைத் தெளித்து எரித்தால் உந்துவிசை ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும். இதற்கு ஆஃப்டர்பர்னர் என்று பெயர். எரிபொருளோ தண்ணீராய்ச் செலவாகும். ஆகவே சில நிமிடங்களுக்கே பயன்படும். இதன் துணையால் மிக்-21, அமெரிக்க எஃப்-104, பிரெஞ்சு மிராஜ் 3 ஆகியவை மாக் 2, அதாவது ஒலியைப் போல இருமடங்கு வேகத்தை எட்டின. மூக்கில் ராடாரும், இறக்கையின் கீழ் வெப்பத்தைத் தேடிச் செல்லும் ஏவுகணையும் இடம்பெற்றன.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும். முதல் தலைமுறை மாக் 1ஐ நெருங்கியது. இரண்டாவது மாக் 2. அப்படியானால் மூன்றாவது மாக் 3, ஐந்தாவது மாக் 5 என்று ஏறியிருக்க வேண்டுமல்லவா? ஏறவில்லை. மாக் 2இலிருந்து இரண்டரைக்குள் அந்தப் பந்தயம் நின்றே போயிற்று. ஏன்?

காரணம் வெப்பம். 11 கி.மீ. உயரத்தில் காற்றின் வெப்பநிலை மைனஸ் 56 டிகிரி செல்சியஸ். கெல்வினில் சொன்னால் 217. வேகமாக வரும் விமானத்தின் முகப்பில் காற்று மோதி நிற்கும்போது அதன் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது. எவ்வளவு உயரும் என்பதற்கு எளிய வாய்பாடு உண்டு: மாக் எண்ணை வர்க்கப்படுத்தி, 0.2ஆல் பெருக்கி, ஒன்றைக் கூட்டி, அதைக் கெல்வின் வெப்பநிலையால் பெருக்குங்கள். மாக் 2க்கு 1.8 மடங்கு, 390 கெல்வின், அதாவது 117 டிகிரி செல்சியஸ். உறைபனியைவிடக் குளிர்ந்த காற்றிலே பறக்கும் விமானத்தின் மூக்கு கொதிநீரைவிடச் சூடாகிறது! மாக் 3க்கு 2.8 மடங்கு, 334 டிகிரி. விமானம் செய்யும் சாதாரண அலுமினியக் கலவை இந்தச் சூட்டில் வலுவிழந்துவிடும். மாக் 2.8 வரை பறக்கக்கூடிய மிக்-25ஐ ரஷ்யர்கள் பெரும்பாலும் எஃகினால் செய்ததற்கு இதுவே காரணம். எஃகு கனம்; கனமான விமானம் சட்டென்று திரும்பாது. ஆகப் பொறியாளர்கள் வேகத்தை அத்தோடு விட்டுவிட்டு வேறு திசையில் சிந்திக்கத் தொடங்கினார்கள். தலைமுறைக் கணக்கின் திருப்புமுனையே இதுதான் என்பது என் கருத்து. இன்றைய அமெரிக்க எஃப்-35 மாக் 1.6தான் செல்லும். பேரன் தாத்தாவைவிட மெதுவாக ஓடுகிறான். ஆனாலும் தாத்தா அவனை வெல்ல முடியாது.

இந்தக் காலத்தில் நம் நாட்டில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கர்ட் டேங்க் என்னும் ஜெர்மன் வடிவமைப்பாளர் பெங்களூருக்கு வந்து இந்தியப் பொறியாளர்களோடு சேர்ந்து மாருத் என்ற போர் விமானத்தை வடிவமைத்தார். 1961 ஜூன் 17இல் அது பறந்தது. உடல் அமைப்பைப் பார்த்தால் இரண்டாம் தலைமுறை. ஒலியை மிஞ்சுவதற்கென்றே வரைந்த வடிவம். ஆனால் அதற்கு ஏற்ற எஞ்சின் கடைசிவரை கிடைக்கவே இல்லை. ஆஃப்டர்பர்னர் இல்லாத சிறிய ஆர்ஃபியஸ் எஞ்சின்கள் இரண்டைப் பொருத்திப் பறக்கவிட்டார்கள். 1971 போரில் அது தரைப்படைக்குத் துணையாக நன்றாகவே பணியாற்றியது; ஆனால் வடிவமைத்த வேகத்தை எட்டவில்லை. இதை எந்தத் தலைமுறையில் வைப்பது? உடல் ஒரு தலைமுறை, இதயம் முந்திய தலைமுறை!

மூன்றாம் தலைமுறையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அமெரிக்க எஃப்-4 ஃபேண்டம், ரஷ்ய மிக்-23, பிரெஞ்சு மிராஜ் எஃப்-1 ஆகியவை இதைச் சேர்ந்தவை. வானில் சண்டையிடுவது, தரையில் குண்டு வீசுவது இரண்டையும் ஒரே விமானம் செய்யத் தொடங்கியது. கண்ணுக்குத் தெரியாத தொலைவிலுள்ள விமானத்தை ராடார் வழியே அடிக்கும் ஏவுகணையும் வந்தது. ‘இனிமேல் துப்பாக்கிக்கு வேலையில்லை’ என்று எண்ணி, தொடக்கத்தில் ஃபேண்டத்தில் பீரங்கியே வைக்கவில்லை. வியட்நாம் போரில் அந்த எண்ணம் பொய்த்தது. எதிரிதானா என்று கண்ணால் உறுதி செய்த பிறகே சுட வேண்டும் என்ற கட்டுப்பாடு ஒருபுறம். ஏவிய ஏவுகணைகளில் மிகப் பல இலக்கைத் தொடாமலே போனது மறுபுறம். பின்னர் வந்த எஃப்-4இ ரகத்தில் பீரங்கியை உள்ளேயே பொருத்தினார்கள்.

இந்தப் பாடத்தைக் கற்றுக் கொண்டு பிறந்ததே நான்காம் தலைமுறை. எஃப்-15, எஃப்-16, மிக்-29, சுகோய்-27, மிராஜ் 2000 எல்லாம் 1970களில் முதன்முதலாகப் பறந்தவை. இவற்றின் பெருமை வேகமன்று, வளைவு. அமெரிக்க விமானி ஜான் பாய்டும் கணிதவியலார் தாமஸ் கிறிஸ்டியும், ஒரு விமானம் எவ்வளவு விரைவாகத் தன் ஆற்றலைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது என்பதே சண்டையில் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்று கணக்கிட்டுக் காட்டினார்கள்.

சட்டென்று வளைய வேண்டுமானால் ஒரு விசித்திரமான காரியம் செய்ய வேண்டும்: விமானத்தை வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைக்க வேண்டும். உங்கள் உள்ளங்கையில் ஒரு நீண்ட கம்பைச் செங்குத்தாக நிறுத்திப் பாருங்கள். கை ஓயாமல் அசைந்து கொண்டே இருந்தால்தான் அது நிற்கும். கணம் தவறினால் சாயும். அதே கம்பை மேல்நுனியில் பிடித்துத் தொங்கவிட்டால் தானாகவே அமைதியாக நிற்கும். பழைய விமானங்கள் தொங்கும் கம்பு போன்றவை. காற்று தள்ளினாலும் பழைய நிலைக்கே திரும்பும். விமானி திருப்ப முயன்றாலும் முரண்டு பிடிக்கும். எஃப்-16 நிற்கும் கம்பு. தொட்டால் திரும்பும். ஆனால் ஓயாமல் அசைந்து கொண்டிருக்கும் அந்தக் ‘கை’ யார்? மனிதனால் அவ்வளவு விரைவாகச் செயல்பட முடியாது. எனவே கருவி அந்த வேலையைச் செய்கிறது. விமானி கைப்பிடியை அழுத்துவது ஒரு வேண்டுகோள் மட்டுமே. அது மின்கம்பி வழியே கட்டுப்பாட்டுக் கருவிக்குப் போக, எந்தப் பரப்பை எவ்வளவு அசைப்பது என்று கருவியே முடிவு செய்கிறது.

எஃப்-16இன் முதல் பறத்தலே ஒரு வேடிக்கை. 1974 ஜனவரி 20இல் அதை ஓடுபாதையில் வேகமாக ஓட்டிப் பார்க்க மட்டுமே திட்டமிட்டிருந்தார்கள். ஓடும்போது விமானம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கி, வால் பகுதி தரையில் உரசியது. தரையில் வைத்திருப்பதைவிட மேலே கொண்டு போவதே பாதுகாப்பு என்று முடிவு செய்த சோதனை விமானி ஃபில் ஓஸ்டிரிக்கர், அதை வானில் கிளப்பி, ஆறு நிமிடம் பறந்து, பத்திரமாக இறக்கினார். அதிகாரபூர்வமான ‘முதல் பறத்தல்’ அதற்குப் பிறகு, பிப்ரவரி 2இல்தான் நடந்தது!

வளைவுக்கு விலை கொடுப்பவர் விமானி. புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசையில் திரும்பும்போது 60 கிலோ எடையுள்ளவர் 540 கிலோவாக உணர்வார். இரத்தம் தலையைவிட்டுக் கால்களுக்கு இறங்க, கண் இருளும். அதைத் தடுக்கவே காற்றடைத்த இறுக்கமான உடையை அணிகிறார்கள்.

சரி, அந்த ‘அரை’ எங்கிருந்து வந்தது? 1990களுக்குப் பிறகு கணிப்பொறியும் ராடாரும் வேகமாக வளர்ந்தன. விமானத்தின் உடலமைப்பு நான்காம் தலைமுறையாகவே இருக்க, உள்ளே இருக்கும் மின்னணுக் கருவிகள் மிகவும் முன்னேறிவிட்டன. இப்படிப்பட்டவற்றை நான்கரை என்றார்கள். பிரான்சின் ரஃபேல், ஐரோப்பிய நாடுகளின் டைஃபூன், நம் சுகோய்-30 எம்.கே.ஐ., தேஜஸ் ஆகியவற்றை இதில் சேர்ப்பது வழக்கம். 2001 ஜனவரி 4இல் முதன்முதலாகப் பறந்த தேஜஸும் ‘நிற்கும் கம்பு’ வகைதான். கட்டுப்பாட்டுப் பாதை ஒன்று பழுதானாலும் மற்றவை காப்பாற்றும்படி நான்கு இணைப்பாதைகள் அதில் உண்டு. கோயம்புத்தூரை அடுத்த சூலூர் தேஜஸ் படைப்பிரிவுகளின் தளமாக விளங்குவதால், அந்தப் பக்கத்து மாணவர்கள் அதைக் கண்ணாலேயே பார்த்திருக்கக் கூடும்.

ஐந்தாம் தலைமுறையின் அடையாளம் மறைவு. ராடாருக்கு அகப்படாமல் இருப்பது. இதிலே ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. விளக்கிலிருந்து தள்ளிப் போகப் போக, தொலைவின் வர்க்கத்திற்கு எதிர்விகிதத்தில் வெளிச்சம் குறையும் என்று படித்திருப்பீர்கள். ராடார் அலை விமானத்தை நோக்கிப் போகும்போது ஒரு முறை இப்படிக் குறைகிறது. பட்டுத் திரும்பி வரும்போது இன்னொரு முறை. இரண்டையும் பெருக்கினால், திரும்பி வரும் அலையின் வலிமை தொலைவின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது. இதை மறைந்து வருபவனின் கண்ணோடு பாருங்கள். 160 கி.மீ. தொலைவில் ஒரு விமானத்தைக் காணும் ராடார் இருக்கிறது. விமானத்தின் எதிரொலிப்பைப் பதினாறில் ஒரு பங்காகக் குறைத்தால் ராடாரின் எல்லை பாதியாகும், 80 கி.மீ. பத்தில் ஒரு பங்காக, 16 கி.மீ. ஆக்க வேண்டுமானால் எதிரொலிப்பைப் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். மெனக்கெட வேண்டிய வேலைதான். ஆனால் பலனைப் பாருங்கள்: வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் விமானத்தை எதிர்கொள்ள முதலில் ஏறத்தாழ 9 நிமிடம் கிடைத்தது, இப்போது 53 வினாடி.

எப்படிக் குறைக்கிறார்கள்? முதன்மையாக வடிவத்தால். மாலை வெயிலில் தொலைவிலுள்ள ஒரு சன்னல் கண்ணாடி சட்டென்று மின்னும். இரண்டடி நகர்ந்தால் மின்னல் மறைந்துவிடும். ஒளி வேறெங்கோ போய்விட்டது. அதுபோல விமானத்தின் பரப்புகளைச் சாய்த்து அமைத்தால் அலை ராடாருக்குத் திரும்பாமல் வேறு திசையில் போய்விடும். செங்கோண மூலைகள் மட்டும் கூடவே கூடாது. உங்கள் சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு வில்லையை உற்றுப் பாருங்கள். அதனுள்ளே சிறு சிறு செங்கோண மூலைகள் நிறைந்திருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து ஒளி வந்தாலும் வந்த வழியே திருப்பி அனுப்புவது அவற்றின் குணம். சைக்கிளுக்கு அது உயிர் காக்கும். விமானத்துக்கு உயிர் வாங்கும். அதனால்தான் எஃப்-22இன் இரட்டை வால்கள் நேராக நிற்காமல் சாய்ந்திருக்கின்றன. ஏவுகணைகளும் வெளியே தொங்காமல் வயிற்றுக்குள் பதுங்கியிருக்கின்றன.

இதற்கான கணிதத்திற்கு வழிகாட்டியவர் ஒரு ரஷ்யர் என்பது சுவையான செய்தி. பியோத்தர் உஃபிம்ட்சேவ் என்ற இயற்பியலார், விளிம்புகளில் மின்காந்த அலை எவ்வாறு சிதறுகிறது என்பதைக் கணக்கிடும் முறையை 1962இல் வெளியிட்டார். அவர் நாட்டில் யாரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. அமெரிக்க விமானப் படை 1971இல் அதை மொழிபெயர்க்க, லாக்ஹீட் நிறுவனத்துப் பொறியாளர்கள் அதைக் கொண்டே எஃப்-117 என்ற விமானத்தை வடிவமைத்தார்கள். அன்றைய கணிப்பொறிகளால் வளைந்த பரப்பைக் கணக்கிட முடியாததால், அது வைரக்கல்லைப் போலப் பட்டை தீட்டிய தட்டைப் பரப்புகளால் ஆனது. மறைவு என்றால் மாயமில்லை என்பதையும் அதே விமானம் காட்டிற்று. 1999 மார்ச் 27இல் பெல்கிரேடு அருகே, 1960களில் வந்த பழைய ரக சோவியத் ஏவுகணையால் அதில் ஒன்று வீழ்த்தப்பட்டது.

2005இல் பணிக்கு வந்த எஃப்-22, பின்னர் வந்த எஃப்-35, சீன ஜே-20, ரஷ்ய சுகோய்-57 ஆகியவை ஐந்தாம் தலைமுறையாகக் கொள்ளப்படுகின்றன. ஆஃப்டர்பர்னர் இல்லாமலே ஒலியை மிஞ்சிப் பறப்பதும் இத்தலைமுறையின் இலக்கணம் என்று ஒரு பட்டியலில் காண்பீர்கள். எஃப்-22 அதைச் செய்யும். அந்த இலக்கணத்தைக் கறாராகப் பிடித்தால் எஃப்-35 தேர்வில் தேறாது! ஆறாம் தலைமுறை பற்றிய பேச்சும் தொடங்கிவிட்டது. 2024 டிசம்பரில் வாலே இல்லாத புதிய விமானங்கள் சீன வானில் காணப்பட்டன. 2025 மார்ச்சில் அமெரிக்கா எஃப்-47 திட்டத்தை அறிவித்தது. ஆளில்லா விமானங்களைத் துணைக்கு அழைத்துச் செல்வது இவற்றின் நோக்கங்களில் ஒன்று. இலக்கணம் இன்னும் எழுதப்படவில்லை. இலக்கியம் முந்திக் கொண்டது.

மிக்-21க்கே ஒரு முறை திரும்புவோம். கடைசிக் காலத்தில் இந்தியாவில் பறந்த ‘பைசன்’ ரகத்திற்குப் புதிய ராடாரும், விமானி தலையைத் திருப்பிய பக்கமே குறி வைக்கும் தலைக்கவசமும், நான்காம் தலைமுறை விமானங்களின் ஏவுகணைகளும் பொருத்தப்பட்டிருந்தன. 2004இல் குவாலியரில் நடந்த கூட்டுப் பயிற்சியில் பைசன் உள்ளிட்ட இந்திய விமானங்களை எதிர்கொண்ட அமெரிக்க எஃப்-15 விமானிகள், தாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கடுமையான போட்டியைச் சந்தித்தார்கள். உடல் 1950களுடையது, கண்ணும் கையும் 1990களுடையவை.

இப்போது உங்களுக்கு ஒரு பயிற்சி. ஹாரியர் என்ற பிரிட்டிஷ் விமானம் 1969இல் பணிக்கு வந்தது. எஞ்சினின் நான்கு வாய்களையும் கீழ்நோக்கித் திருப்பி, நின்ற இடத்திலிருந்தே செங்குத்தாக மேலெழும். நேர்மட்டத்தில் ஒலியின் வேகத்தைத் தாண்டாது. அதன் கடற்படை ரகமான சீ ஹாரியர், 1982 ஃபாக்லாந்து போரில், மாக் 2 வேகமுள்ள அர்ஜென்டீனா நாட்டு மிராஜ் 3 விமானங்களை வீழ்த்தியது. நம் கடற்படையிலும் 1983 முதல் 2016 வரை பணியாற்றியது. இடையிலே புதிய ராடாரும், தொலைதூர ஏவுகணையும் பெற்றது. இதை எந்தத் தலைமுறையில் வைப்பீர்கள்? வேகத்தை வைத்து ஒரு விடை, பணிக்கு வந்த ஆண்டை வைத்து ஒரு விடை, கருவிகளை வைத்து ஒரு விடை என்று மூன்றையும் காரணத்தோடு எழுதி, உங்கள் வகுப்பு நண்பர் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.